பெயரில்லாத டிரைவும் ஆயுத பூஜையும்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் மற்றவர்களுடையதைச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள முடியாது.

போன மாதம் என் சொந்த லேப்டாப்பை என் சொந்தக் கையாலேயே கொன்றேன். அதில் விண்டோஸும் உண்டு, லினக்ஸும் உண்டு. ரிடையர் ஆனவனுக்கு ஒன்று போதாதா என்று கேட்காதீர்கள். இரண்டு வைத்திருந்தால்தான் தெருவில் மரியாதை என்று ஒரு நினைப்பு. இடம் போதவில்லை என்று விண்டோஸ் புலம்பியது. டிஸ்க்கைத் திறந்து பார்த்தேன். பெயரில்லாமல், C, D என்று எழுத்தும் இல்லாமல், தண்டமாக ஒரு பகுதி படுத்துக் கிடந்தது. இது எவன்டா என்று அழித்தேன். அழித்ததோடு விட்டேனா? காலியான இடத்தை விண்டோஸோடு சேர்த்தும் விட்டேன். மறுபடி ஆன் செய்தபோதுதான் தெரிந்தது, அந்த எவன் என்னுடைய லினக்ஸ் என்று. பேத்தியின் போட்டோக்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

கைவசமிருந்த வித்தையெல்லாம் காட்டினேன், மெஷின் மசியவில்லை. வேறு வழியில்லாமல் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் கறுப்புத் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“கடைசியா என்ன சார் பண்ணீங்க?”

வேலையில் இருந்த காலமெல்லாம் நான் பிறரைக் கேட்ட கேள்வி. அதற்குப் பிறர் எனக்குச் சொன்ன பதில் என் வாயிலிருந்து, யோசிக்கக்கூட நேரம் கொடுக்காமல், வந்து விழுந்தது.

“ஒண்ணுமே பண்ணலைங்க.”

அவர் சிரிக்கவில்லை. “சரிங்க சார், வச்சுட்டுப் போங்க” என்றார். அந்தத் தொனி எனக்கு நன்றாகத் தெரியும். அதைக் கண்டுபிடித்தவனே நான்தான்.

இதே காரியத்தை வேறொருவர் செய்தார் என்பதற்காக அவரை மனதுக்குள் இத்தனை காலம் திட்டிக்கொண்டிருந்தேன். அதனால் பழைய கல்லூரி வாட்ஸப் குழுவில், “பாலு சார், ஆண்டு மலருக்கு உங்க சர்வீஸ் அனுபவத்தைக் கொஞ்சம் உருக்கமா எழுதிக் குடுங்க” என்று கேட்டபோது, எதை எழுதுவது என்ற சந்தேகமே வரவில்லை. உருக்கம்தான் வரவில்லை. மலரில் இதைப் போடமாட்டார்கள். குழுவிலாவது கிடக்கட்டும்.

நான் தொழில் கற்ற கதை சுருக்கம். டிப்ளமா படித்தேன். அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் ஸ்டெபிலைசருக்குக் காயில் சுற்றினேன். ஷாக் அடித்தால் வலது கையை உதறவேண்டுமா இடது கையை உதறவேண்டுமா என்பதுவரை கற்றுக்கொண்டேன். பிறகு திண்டுக்கல் ரோட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்ள ஆள் எடுத்தார்கள். இன்டர்வியூவில், “கம்ப்யூட்டர் தெரியுமா?” என்றார்கள். தெரியும் என்றேன். பார்த்திருந்தேன், அந்த அர்த்தத்தில்.

ஸ்டார்ட் ஆகாத கம்ப்யூட்டர்தான் என் பிழைப்பு. அதற்கு நான் வைத்திருந்த முறை ரொம்ப எளிது. சத்தம் வருகிறதா? வெளிச்சம் வருகிறதா? எழுத்து வருகிறதா? சத்தமே இல்லையென்றால் கரன்ட் சமாசாரம். முதலில் சுவரைப் பார், பிறகு பெட்டியைப் பார். சத்தம் இருந்து வெளிச்சம் இல்லையென்றால் ரேம் என்கிற மெமரித் துண்டைக் கழற்றித் துடைத்துப் போடு. வெளிச்சம் இருந்து எழுத்தோடு நின்றுவிட்டால், தயவுசெய்து அந்த எழுத்தைப் படி. இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் படித்த மனிதர்கள் யாரும் கேட்டதில்லை. “ஏதோ இங்கிலீஷ்ல வந்துச்சு சார், க்ளோஸ் பண்ணிட்டேன்” என்பார் ஆங்கிலத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய ஒரு பேராசிரியை.

மானிட்டர் சுவிட்சைப் போடாமல் புகார் எழுதிக்கொடுத்தவர் உண்டு. என்டர் பட்டன்மேல் டிபன் கேரியரை வைத்துவிட்டு, “தானா ஓடுது பாலு, பேய் பிடிச்சிருக்கு” என்று வெளியே வந்து நின்றவர் உண்டு. ஸ்டார்ட் ஆகாத ஒரு பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு பல்லி, பவர் சப்ளையில் ஒரு காலும் மதர்போர்டில் ஒரு காலுமாகக் கருகிப்போயிருந்தது. எல்லோரையும் நான் ஒரே கேள்விதான் கேட்பேன். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள், ஒண்ணுமே பண்ணலை என்று. பல்லி ஒன்றுதான் சொல்லவில்லை.

இப்போது இருக்கிற பசங்கள் இந்த அளவுக்குக்கூடக் கேட்பதில்லை. பெட்டி முனகினாலே ஃபார்மட். தலைவலிக்குத் தலையை எடுத்துவிட்டுப் புதுத்தலை வைக்கிற வைத்தியம். எழுதும்போதே கை கூசுகிறது. ஏன் என்று பின்னால் தெரியும்.

இந்தக் கூட்டத்துக்கெல்லாம் தலைமை வகித்தவர் எங்கள் துறைத் தலைவர் ராஜமாணிக்கம் சார். சிவில் துறை. பாலம் கட்டச் சொல்லிக்கொடுப்பவர். அவரிடம் படித்தவர்கள் கட்டிய பாலம் எது என்று தெரிந்தால் நான் சுற்றிக்கொண்டு போவேன். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு லேபுக்குள் நுழைவார். ஒரு கை மட்டும் மெதுவாக வெளியே வரும். ஆள்காட்டி விரலால் மானிட்டரின் தலையை ஒரு தடவு தடவுவார். விரலைத் தன் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். பிறகு அதை என் முகத்துக்கு நேரே பிடிப்பார்.

“இது என்ன பாலு?”

“தூசிங்க சார்.”

“இதுதான் உள்ளே போய் வைரஸ் ஆகுது.”

அவருக்கு எல்லாக் கோளாறும் வைரஸ். பென்டிரைவ்தான் அதைப் பரப்புகிற கொசு. அதனால் ஆராய்ச்சி அறையில் யாரும் பென்டிரைவ் கொண்டுவரக் கூடாது என்று ஒரு உத்தரவு போட்டார். இன்டர்நெட் இணைப்பையும் பிடுங்கினார். செய்த வேலையை வேறு எங்கேயும் நகல் எடுத்து வைக்க வழியில்லாமல் ஆராய்ச்சி மாணவர்கள் தவித்தார்கள். “அவங்கவங்க மெஷின்ல பத்திரமா இருக்கே, அப்புறம் எதுக்கு நகல்?” என்றார். 

அந்த அறையில்தான் செல்வி உட்கார்ந்திருந்தாள். வையம்பட்டிப் பெண். வீட்டில் விவசாயம். காலையில் திண்டுக்கல் பக்கத்திலிருந்து வரும் பஸ்ஸில் ஏறி, கல்லூரி வாசலில் இறங்கி, நேராக மெஷின் முன்னால் போய் உட்காருவாள். மணப்பாறைச் சுற்றுவட்டாரத்துக் கிணறுகளில் தண்ணீர் ஏன் இப்படி இறங்குகிறது, இன்னும் எவ்வளவு இறங்கும் என்று கணக்குப் போடுகிற ஆராய்ச்சி. அந்தக் கணக்கு ஓடுகிற புரோகிராம் லினக்ஸில்தான் ஓடும். துறைக்குக் கொடுக்க வேண்டிய ரிப்போர்ட்டோ விண்டோஸில்தான் இருக்க வேண்டும். ஆகவே அவள் மெஷினில் இரண்டையும் நான்தான் போட்டுக்கொடுத்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம், ஒவ்வொன்றையும் பார்ட்டிஷன் என்பார்கள். இடையில் சுவர். வாசலில் ஒரு வாட்ச்மேன். அவனுக்கு கிரப் என்று பெயர். கம்ப்யூட்டரைப் போட்டதும் அவன்தான் எழுந்து நின்று, யாரைப் பார்க்கணும் என்று கேட்பான். நீங்கள் கைகாட்டுகிற பக்கம் கதவைத் திறந்துவிடுவான். இதில் விசேஷம் என்னவென்றால் அந்த வாட்ச்மேனின் சாப்பாடு, படுக்கை எல்லாம் லினக்ஸ் குடித்தனத்தில். இன்னொரு விசேஷம், விண்டோஸ் பக்கத்தில் இருப்பவருக்கு லினக்ஸ் குடித்தனத்தின் பெயரே தெரியாது. எட்டிப் பார்த்தால் பெயரில்லாத ஒரு இடமாக மட்டும் தெரியும்.

செல்வி தன் ஆராய்ச்சியைக் குழுவின் முன்னால் வைக்க வேண்டிய நாள் ஆயுத பூஜை லீவு முடிந்து கல்லூரி திறக்கிற அன்று. ஏற்கெனவே ஒருமுறை தவணை கேட்டு வாங்கியிருந்தாள். இனிமேல் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அன்று தவறினால் அத்தனை வருஷப் படிப்பும் போச்சு. துறைத் தலைவர் என்ற முறையில் ராஜமாணிக்கம் சார் கையெழுத்துப் போட்டால்தான் அவள் ஆய்வேடு கல்லூரியை விட்டே வெளியே போகும்.

லீவு விடுவதற்கு முந்தின மத்தியானம் எங்கள் துறையில் பூஜை. எல்லா மெஷினையும் துடைத்து, அணைத்து, மானிட்டர் நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்து, கீபோர்டுமேல் ஒரு பூ. பொரி, கடலை, வெல்லம். பூஜையில் வைத்த ஆயுதத்தை விஜயதசமி காலையில்தான் மறுபடி தொடவேண்டும் என்பது பழக்கம். அன்று ராஜமாணிக்கம் சார் ரொம்ப உற்சாகம். “வெளியே மட்டும் துடைச்சா போதாது பாலு. உள்ளேயும் சுத்தமா இருக்கணும்” என்றார். பெட்டியைத் திறந்து தூசி ஊதச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு நான் ப்ளோயரைத் தேடப் போனேன்.

ஆயுத பூஜை அன்று காலையில் நான் ஸ்ரீரங்கத்தில் வீட்டில் என் சைக்கிளுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது.

“சார், நான் செல்வி பேசறேன். மெஷின் வரலை சார்.”

“லீவு நாள்ல அங்கே எப்படிம்மா போனே?”

“வாட்ச்மேன் அண்ணன்கிட்ட கெஞ்சிக் கேட்டு உள்ளே வந்தேன் சார். கடைசி ரிசல்ட்டை எடுத்து ரிப்போர்ட்ல சேர்க்கணும். கறுப்பா இருக்கு. இங்கிலீஷ்ல ஒரு வரி வருது.”

“படி.”

படித்தாள். அதற்காகவே அவளுக்குப் பட்டம் கொடுத்திருக்கலாம். அப்படி ஒரு பார்ட்டிஷனே இல்லை என்று ஒரு வரி. கீழே கிரப் ரெஸ்க்யூ என்று ஒரு வரி. அதாவது வாட்ச்மேன் எழுந்து நிற்கிறான், ஆனால் தன் வீட்டைக் காணோம் என்று அலறுகிறான்.

பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். தடைசெய்யப்பட்ட பென்டிரைவ் ஒன்று என் சட்டைப் பையில். அதிலிருந்து மெஷினை எழுப்பி டிஸ்க்கைப் பார்த்தேன். விண்டோஸ் இருந்தது. லினக்ஸ் இருந்த இடம் காலி என்று காட்டியது.

“என்ன சார்?” என்றாள் செல்வி.

“ஒண்ணுமில்லம்மா. லினக்ஸ் கெட்டுப்போச்சு. அந்த இடத்துலயே மறுபடி ஏத்திட்டா பழையபடி வந்துடும்.”

“என் ஃபைலெல்லாம் வருமா சார்?”

“வரும்மா.”

எப்படி வரும்? கேட்கக்கூடாது. லேப் மெஷின்களை வருஷா வருஷம் அழித்து அழித்து ஏற்றிய கை. அவற்றில் யாருடைய வாழ்க்கையும் இருக்காது. மாணவர்கள் விளையாடிய சீட்டாட்டம்தான் இருக்கும். கை அதன் பாட்டுக்குப் போயிற்று. இன்ஸ்டால் என்ற பட்டன் வரைக்கும் போய்விட்டேன். இன்னும் ஒரு தட்டு.

அப்போது வாட்ச்மேன் ஓடிவந்தார். கல்லூரி வாட்ச்மேன், நிஜமானவர். கையில் போன், ஸ்பீக்கரில் ராஜமாணிக்கம் சார்; பயத்தில் அவரே தகவல் சொல்லியிருக்கிறார்.

“பாலு! பூஜையில வச்ச மெஷினைத் தொட்டியா?”

“சார், ஸ்டார்ட் ஆகலைங்க சார். நாளன்னிக்கு இந்தப் பொண்ணுக்கு...”

“கையை எடு! சாமிக்கு வச்சதைத் தொட்டா விளங்குமா? நாளைக்குக் காலையில நானே வரேன். வாட்ச்மேன், ரூமைப் பூட்டுங்க!”

வாட்ச்மேன் பூட்டினார். செல்வி வெளியே வந்தாள். மரத்தடியில் நின்று பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “சார், இந்த வருஷமும் போச்சுன்னா அப்பாகிட்ட எப்படி சார் சொல்றது?” என்றாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ராஜமாணிக்கம் சாரின் பரம்பரையையே வைது தீர்த்தேன். காவிரிப் பாலம் ஏறும்போது வைவதற்கு ஆள் தீர்ந்துபோனது. அப்போதுதான் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. லினக்ஸ் கெட்டுப்போனால் கெட்டுப்போனதாக அல்லவா காட்ட வேண்டும்? காலி என்று ஏன் காட்டுகிறது? தானாகக் காலியாகாது, யாரோ காலி செய்ய வேண்டும். காலி செய்தார்கள் என்றாலும் வீட்டு நம்பர் பலகையைத்தான் பிடுங்கியிருப்பார்கள். உள்ளே பாய், தலையணை, கிணற்றுக் கணக்கு எல்லாம் அப்படியே இருக்கும், அதன்மேல் வேறு எதையும் எழுதாதவரை.

அதன்மேல் புது லினக்ஸை எழுதத்தான் நான் விரலை ஓங்கியிருந்தேன்.

உட்கார்ந்திருந்த இடத்திலேயே எனக்கு வியர்த்துக் கொட்டியது. கண்டக்டர், “என்னங்க, நெஞ்சு வலியா?” என்று கேட்டார். தலையில் கோளாறு என்றேன்.

விஜயதசமி காலையில் ராஜமாணிக்கம் சார் சூடத்தட்டோடு வந்தார். மெஷினுக்குக் காட்டினார். எனக்குக் காட்டினார். “ம், இப்பத் தொடு” என்றார். பென்டிரைவை எடுத்துச் செருகினேன்.

“பென்டிரைவா?”

“இது மருந்துங்க சார். வைரஸுக்குத் தடுப்பூசி.”

“அப்படிச் சொல்லு.”

தொலைந்த பார்ட்டிஷனைத் தேடுகிற புரோகிராம் ஒன்று உண்டு. டிஸ்க்கின் முதல் ஓரத்திலிருந்து கடைசி ஓரம் வரை தடவிக்கொண்டே போய், முன்பு எங்கே சுவர் இருந்தது என்று மோப்பம் பிடிக்கும். வேகம் கிடையாது. அது ஓடும்போது செய்யவேண்டிய முக்கியமான வேலை, எதையும் செய்யாமல் இருப்பது. நான் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ராஜமாணிக்கம் சார் பின்னால் நின்று, “ரீஸ்டார்ட் பண்ணிப் பாரேன்” என்றார். கொஞ்சம் கழித்து, “ஏசியைக் கூட்டட்டுமா?” என்றார். சாமி கும்பிட வந்தவரிடம் கெட்ட வார்த்தை பேசக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

செல்வி தண்ணீர் பிடிக்க வெளியே போனாள். நான் குரலைத் தாழ்த்தினேன்.

“சார், பூஜைக்கு முன்னாடி இந்த மெஷின்ல ஏதாவது பண்ணீங்களா?”

“நானா? நான் ஒண்ணுமே பண்ணலையே.”

“நினைச்சுப் பாருங்க சார்.”

“சுத்தம் பண்ணேன். அவ்வளவுதான். பேரில்லாத டிரைவ் ஒண்ணு சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடந்துது. டெலீட் பண்ணேன். ஏன், அது எதுக்காவது வேணுமா?”

பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் செல்வி வந்துவிட்டாள். அதே சமயத்தில் திரையில் ஒரு வரி தோன்றியது. லினக்ஸ். முதலும் முடிவும் சரியாக இருந்தன. நம்பர் பலகையை எழுதுவதற்கு முன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பார்க்காமல் எழுதுகிறவன் என்னைப் போன்றவன். திறந்தேன். வையம்பட்டி, மணப்பாறை என்று வரிசையாக ஊர்ப்பெயர்கள். செல்வியின் ஃபோல்டர்கள். அவள் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தாள். 

“இருக்கா சார்?”

“இருக்கும்மா. உங்க ஊர்க் கிணறு எல்லாம் இருக்கு.”

பலகையை மட்டும் பழையபடி எழுது என்று உத்தரவு கொடுத்தேன். கிரப் வாட்ச்மேனை மறுபடி அவன் இடத்தில் உட்காரவைத்தேன். பென்டிரைவை எடுத்துவிட்டு மெஷினைத் திரும்பப் போட்டேன். சத்தம் வந்தது. வெளிச்சம் வந்தது. எழுத்து வந்தது, இரண்டு வரி, யாரைப் பார்க்கணும் என்று. செல்வி கையை நீட்டி லினக்ஸ் வரிக்கு என்டரைத் தட்டினாள். திறந்தது.

ராஜமாணிக்கம் சார் தட்டிலிருந்த விபூதியை மெஷினுக்கு இன்னொரு முறை பூசினார். “பார்த்தியா பாலு? நேத்து உன்னைத் தொட விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?” என்றார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அந்த மனிதர் வாழ்நாளில் சரியாகச் சொன்ன ஒரே விஷயம் அதுதான். ஏன் சரி என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், சொல்ல முடியாது.

அப்போது செல்வி என் பக்கம் திரும்பி, “யார் சார் அதை அழிச்சது?” என்று கேட்டாள்.

ராஜமாணிக்கம் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைக்க ஆரம்பித்தார். இவளுக்கு வேண்டிய கையெழுத்து இவர் கையில். இந்த நேரத்தில் இவள் இவரோடு மோதினால் கிணற்றுக் கணக்கு கிணற்றோடு போகும். என் மூளை மின்னலாக வேலை செய்தது.

“யாரும் இல்லம்மா. அப்டேட் ஏதோ வந்திருக்கு. அதுல போயிருக்கும்.”

“ஆமாமா, அப்டேட்” என்றார் ராஜமாணிக்கம் சார்.

செல்வி குழுவின் முன்னால் பேசினாள். கையெழுத்தும் விழுந்தது, பட்டமும் வந்தது. இப்போது வேறொரு கல்லூரியில் பேராசிரியை. என்னைவிட நன்றாக இங்கிலீஷ் வரிகளைப் படிக்கிறவள் அவள் ஒருத்திதான். அன்று நான் சொன்ன பொய்யை என் சர்வீஸிலேயே சாமர்த்தியமான காரியம் என்று வீட்டில் பலதடவை சொல்லிக் காட்டியிருக்கிறேன். மனைவி ஒருதடவைகூட வியந்ததில்லை.

போன வாரம் செல்வி ரங்கநாதரைச் சேவிக்க வந்தவள் வீட்டுக்கும் வந்தாள், மணப்பாறை முறுக்கோடு. லேப்டாப்பை நான் கொன்ற கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த உற்சாகத்தில் பழைய ரகசியத்தையும் எடுத்துவிட்டேன்.

“உனக்கு ஒரு விஷயம் தெரியுமாம்மா? அன்னைக்கு உன் லினக்ஸை அழிச்சது அப்டேட்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ராஜமாணிக்கம் சார்தான்.”

“தெரியும் சார்” என்றாள். “அன்னைக்குப் பூஜைக்கு முன்னாடி நான் கடையில பொரிப் பொட்டலம் வாங்கிட்டு உள்ளே வரும்போது என் சீட்ல அவர்தான் உக்காந்து ஏதோ பண்ணிட்டிருந்தார்.”

முறுக்கு என் வாயிலேயே நின்றது.

“தெரிஞ்சுமா? பின்னே யார் அழிச்சதுன்னு என்கிட்ட ஏம்மா கேட்டே?”

செல்வி காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“நீங்க சொல்றீங்களான்னு பார்த்தேன் சார்.”